4,800 டொலர் கேட்கும் டொட் கொம்: 8 அறை விடுதிக்குப் பெறுமா?

நிலாவெளி_8அறை

வணக்கம். நிலாவெளியில சின்ன விடுதி, 8 அறை. பெயர் ஒரே ஒரு தமிழ்ச் சொல், ஆங்கிலத்தில எழுதினா ஏழு எழுத்து. தொடங்கின நேரம் அந்தப் பெயரில டொட் கொம் இணைய முகவரி கிடைக்கேல்லை. அதால பெயர், நடுவில ஒரு கோடு, பிறகு நிலாவெளி என்று நீட்டி ஒரு டொட் கொம் எடுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறம்.

இப்ப அந்த வெறும் பெயர் விற்பனைக்கு வந்திருக்கு. பக்கத்தைத் திறந்தா 4,800 டொலர் என்ற விலையும் ஒரு படிவமும்தான், வேற ஒண்டும் இல்லை. அதே பெயர் டொட் ஹொலிடே என்ற முடிவோட 320 டொலருக்குக் கிடக்குது. டொட் எல்கே இன்னும் ஒருத்தரும் எடுக்கேல்லை.

சீசனுக்கு முதல் முடிவெடுக்க வேணும். விலை சரியா, கூடவா என்று எப்படிப் பார்க்கிறது? பிரதேச செயலகத்தில எங்கட வியாபாரப் பெயர் பதிஞ்சிருக்கு, அதைக் காட்டி அந்த டொமைனை, அதாவது அந்த இணையப் பெயரை, கேட்க ஏலுமா?

சீனக்குடா

முதலில் கல்குலேட்டரை எடுங்கோ. டொலர் 300 ரூபா என்று வைத்தால் 4,800 டொலர் 1,440,000 ரூபா. வங்கிக் கட்டணங்கள் இதற்கு மேல்.

அறை ஓர் இரவுக்கு 18,000 ரூபா, புக்கிங் தளத்தின் தரகு 15 வீதம் என்று பிடிப்போம். உங்கள் கணக்கு வேறாக இருந்தால் மாற்றிப் போடுங்கோ. நேரடியாக வரும் ஆளிடம் ஓர் இரவுக்கு உங்களுக்கு மிஞ்சுவது 2,700 ரூபா. 1,440,000ஐ 2,700ஆல் பிரித்தால் 533 இரவு. 8 அறை, 150 நாள் சீசன், 60 வீதம் நிரம்புது என்றால் முழுச் சீசனுக்கும் உங்களிடம் இருப்பதே 720 இரவுதான்.

ஐந்து வருடத்தில் காசை எடுக்கலாம் என்று நினைத்தால் வருடத்துக்கு 107 இரவு. அந்தப் பணத்தை 8 வீதத்துக்கு நிலையான வைப்பில் போட்டிருந்தால் வருடம் 115,200 ரூபா வந்திருக்கும், அது இன்னொரு 43 இரவு. ஆக 150 இரவு. சும்மா 150 இல்லை, பெயர் மாறின ஒரே காரணத்தால் தரகுத் தளத்தை விட்டு உங்களிடம் நேரே வந்த 150. இது எங்கிருந்து வரும் என்று சொல்ல முடிந்தால் வாங்குங்கோ.

என் கணிப்பு, வராது. நிலாவெளிக்கு வருகிற வெள்ளைக்காரர் வரைபடத்தைத் திறந்து கடற்கரையோரம் விரலால் இழுத்து, படமும் புள்ளியும் பார்த்துத்தான் அறை எடுக்கிறார். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்குகிறவர் ஓட்டோக்காரரிடம் விடுதிப் பெயரைச் சொல்வாரே தவிர டொட் கொம் சொல்லப் போவதில்லை. முகவரியைக் கையால் தட்டுகிறவர் ஏற்கெனவே உங்களை அறிந்தவர். பெயரிலேயே தேடற்சொல் இருந்தால் கூகிள் மேலே தூக்கிவிடும் என்ற கதையும் பழசு. உள்ளடக்கம் இல்லாமல் பெயரை மட்டும் நம்பி நின்ற தளங்களை 2012 செப்டெம்பரிலேயே கீழே தள்ளிவிட்டார்கள்.

மிஞ்சுவது ஒழுக்குத்தான். உங்களைத் தேடி வந்து வழி தவறிப் போனவர்கள் எத்தனை பேர்? அதை அளக்கலாம். கூகிள் தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரியுது என்று காட்டும் சேர்ச் கொன்சோலில் உங்கள் பெயரை எந்தெந்த எழுத்தில் தட்டித் தேடியிருக்கிறார்கள், அதில் எத்தனை பேர் உங்கள் தளத்தில் அழுத்தினார்கள் என்று பாருங்கோ. அடுத்த மூன்று மாதம் அறைச் சாவி கொடுக்கும்போது "எங்களை எப்படிக் கண்டுபிடிச்சனீங்கள்?" என்று கேட்டு வரவுப் புத்தகத்தில் ஒரு சொல் எழுதி வையுங்கோ. இந்த இரண்டு எண்ணும் இல்லாமல் 4,800 பற்றிக் கதைப்பது காற்றில் கணக்குப் போடுவது.

குச்சவெளி

சீனக்குடா சொன்ன கணக்கு சரி. நான் பெயரைப் பற்றிச் சொல்கிறேன், தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் விற்பதில் உள்ள சிக்கல் வேறு யாருக்கும் விளங்காது.

நெய்தல் என்ற சொல்லை எடுங்கோ. ஆங்கிலத்தில் முதல் அசையை ei போட்டும் எழுதலாம், ey போட்டும் எழுதலாம். நடுவில் இலங்கைக்காரர் th போடுவார், சென்னைக்காரர் dh போடுவார், இன்னும் சிலர் வெறும் d போடுவார். இரண்டை மூன்றால் பெருக்க ஆறு எழுத்துக்கூட்டு. விற்கிறவரிடம் இருப்பது ஆறில் ஒன்று. 4,800 கொடுத்து ஒரு வாசலைப் பூட்டினால் மற்ற ஐந்தும் திறந்துதான் கிடக்கும். மற்ற எழுத்துக்கூட்டுகளை யாரும் எடுக்காமல் இருந்தால் ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து டொலர்தான், அதையும் ஒருக்காப் பாருங்கோ.

சோதனை எளிது. தொலைபேசியில் பத்துப் பேருக்குப் பெயரை மட்டும் சொல்லுங்கோ, எழுத்துக் கூட்டாதீங்கோ. கேட்டபடி ஆங்கிலத்தில் எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கோ. அந்த டொமைனில் உள்ளபடி எழுதுகிறவர் பத்தில் ஏழு பேருக்குக் குறைவு என்றால், அந்தப் பெயர் இந்த விலையைத் தாங்காது. உங்கள் இப்போதைய பெயரையும் அதே பத்துப் பேரிடம் சொல்லிப் பாருங்கோ. நடுவில் இருக்கும் கோட்டை ஒருவர் டாஷ் என்பார், ஒருவர் மைனஸ் என்பார், ஒருவர் அடிக்கோடு போடுவார். அந்த வகையில் மாற்றம் தேவைதான்.

டொட் ஹொலிடே பக்கம் போகவே வேண்டாம். அந்த 320 டொலர் முதல் வருடத்துக்கா, ஒவ்வொரு வருடமும் கட்டவா? புது முடிவுகளில் நல்ல சொற்களை, அந்த முடிவை நடத்தும் பதிவகமே பிரீமியம் என்று ஒதுக்கி வைக்கும், பலவற்றில் புதுப்பிப்பும் அதே உயர்ந்த விலை. பதியும்போது சின்ன எழுத்தில் கிடக்கிற அந்த நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டதாகப் போய்விடும். அப்படியென்றால் பத்து வருடத்தில் 3,200 டொலர். டொட் கொம் அப்படி இல்லை. எவ்வளவு கொடுத்து வாங்கினாலும் அடுத்த வருடத்திலிருந்து எல்லா டொட் கொம்முக்கும் உள்ள சாதாரணப் புதுப்பிப்புத்தான். டொட் கொம்மை நடத்தும் வெரிசைன் நிறுவனம், பெயர்களை எங்களுக்கு விற்கும் பதிவாளரிடம் வருடத்துக்கு எடுக்கும் மொத்த விற்பனை விலை 2024 செப்டெம்பரில் 10.26 டொலர் ஆனது, அதற்கு மேல் பதிவாளர் தன் லாபத்தை வைப்பார்.

டொட் எல்கேயை இதை வாசித்து முடித்த கையோடு பதியுங்கோ. கொம்மை வாங்கினாலும் அது வேணும், வாங்காவிட்டாலும் வேணும். தமிழிலேயே டொட் இலங்கை என்ற முடிவும் இருக்கு, பெயர்ப்பலகையில் வடிவாக இருக்கும். ஆனால் ஜேர்மன்காரர் தன் போனில் அதைத் தட்ட மாட்டார்.

விற்பனையில் இருக்கிற பெயரின் பழைய வாழ்க்கையைப் பார்த்தீர்களா? பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பெயரைப் போட்டு வருட வாரியாகத் திறந்து பாருங்கோ. பதிவு விபரத்தில் உருவான திகதி என்ன என்றும் சொல்லுங்கோ.

நிலாவெளி_8அறை

பார்த்தன். உருவான திகதி 2020. ஆனா வேபேக்கில 2011 தொடங்கி 2015 வரைக்கும் ஏதோ சமையல் வலைப்பூ. 2018இல சீன எழுத்தில நிறைய இலக்கமும் மினுங்கிற பொத்தானும் உள்ள பக்கம், சூதாட்டம் போல கிடக்கு. 2020க்குப் பிறகு விற்பனைப் பக்கம் மட்டும்தான். நிலை என்ற இடத்தில "கிளையண்ட் ட்ரான்ஸ்ஃபர் புரொஹிபிட்டட்" என்று இருக்கு, இது ஏதும் வழக்கோ?

தானியங்கி மதிப்பீட்டுத் தளம் ஒன்று 2,150 டொலர் என்று காட்டுது.

உவர்மலை

வழக்கு இல்லை. அது பதிவாளர் போடும் சாதாரணப் பூட்டு, உங்கள் சொந்த டொமைனிலும் அதுதான் இருக்கும். மாற்றும்போது விற்கிறவர் திறந்து விடுவார். "கிளையண்ட் ஹோல்ட்", அதாவது பதிவாளர் பெயரை நிறுத்தி வைத்திருக்கிறார் என்று இருந்தால் மட்டும் யோசியுங்கோ.

உருவான திகதி 2020, பக்கங்கள் 2011இல் இருந்தே இருக்கு. அப்படியென்றால் பெயர் ஒரு தடவையாவது புதுப்பிக்காமல் விழுந்து திரும்பப் பதியப்பட்டது. விற்பனைக்காரர் "பத்து வருடத்துக்கு மேலான பழைய டொமைன்" என்று சொன்னால் அதற்கு விலை கொடுக்காதீங்கோ. சூதாட்டப் பக்கம்தான் எனக்குக் கவலை. குப்பை மின்னஞ்சலோடு தொடர்புள்ள பெயர்களைத் திரட்டும் ஸ்பாம்ஹவுஸின் டொமைன் பட்டியலிலும் கூகிளின் பாதுகாப்பு உலாவல் சோதனையிலும் பெயரைப் போட்டுப் பாருங்கோ. பட்டியலில் இருந்தால் அறை உறுதிப்படுத்தல் மின்னஞ்சல் எல்லாம் விருந்தாளியின் குப்பைப் பெட்டிக்குள் போகும், விடுதிக்கு அதைவிடப் பெரிய நட்டம் இல்லை. சுத்தமாக இருந்தாலும், வாங்கினால் முதல் வேலையாகச் சேர்ச் கொன்சோலில் சேர்த்து, கூகிள் ஆட்கள் பார்த்துக் கையால் விதித்த தண்டனை ஏதும் இருக்கா என்று பார்க்க வேணும். வாங்குமுன் அது உங்களுக்குத் தெரியாது, அந்த ஆபத்தும் விலையில் கழிய வேணும்.

தானியங்கி மதிப்பீட்டை மறந்துவிடுங்கோ. அது ஆங்கிலச் சொல்லையும், எழுத்து எண்ணிக்கையையும், பழைய விற்பனைகளையும் பார்த்து வாய்க்கு வந்த எண்ணைத் துப்புவது. தமிழ்ச் சொல்லை அதற்கு வாசிக்கத் தெரியாது. நடந்த டொமைன் விற்பனைகளின் விலையைப் பட்டியலிடும் நேம்பயோ தளத்தில் போய், தமிழ் அல்லது ஹிந்திச் சொல்லாக உள்ள ஆறேழு எழுத்து டொட் கொம்கள் என்ன விலைக்கு உண்மையிலேயே விற்றன என்று தேடுங்கோ. கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. 2019இல் வொய்ஸ் டொட் கொம் 30 மில்லியன் டொலருக்குப் போனதைக் காட்டி விலை ஏற்றுவார்கள், அது வேறு உலகம்.

உரிமை கேட்பது சரிவராது. பிரதேச செயலகப் பதிவு வியாபாரப் பெயர்தான், வர்த்தகக் குறி இல்லை. வர்த்தகக் குறி தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவது. டொமைன் தகராறுக்கு யூடிஆர்பி என்ற நடைமுறை இருக்கு, உலகப் புலமைச் சொத்து அமைப்பான வைப்போவில் ஒருவர் நடுவராக இருந்தால் கட்டணம் 1,500 டொலர். அதில் மூன்றையும் நிரூபிக்க வேணும்: பெயர் உங்கள் குறியைப் போல இருக்கு, அவருக்கு நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கத்தோடு பதிந்து பாவிக்கிறார். அகராதியில் உள்ள தமிழ்ச் சொல் எல்லாருக்கும் பொது. உங்கள் உரிமை தொடங்குமுன் அவர் பதிந்திருந்தால் மூன்றாவது அநேகமாக அங்கேயே விழுந்துவிடும். அந்த 1,500ஐ வைத்துப் பேரம் பேசலாம்.

பேரம் எப்படி? விடுதியின் மின்னஞ்சலில் இருந்து எழுதவே வேண்டாம், முகவரியில் அதே பெயரைக் கண்டால் விலை இறங்காது. டொமைன் விற்கும் சந்தைத் தளங்களான அஃப்டர்னிக், சேடோ இரண்டிலும் தேடுங்கோ, ஒரே பெயருக்கு இரண்டு இடத்தில் இரண்டு விலை போட்டிருப்பது உண்டு. பிறகு சொந்தப் பெயரில் இரண்டு வரி எழுதி 500 டொலர் சொல்லுங்கோ. கடற்கரை, விடுதி, கனவு ஒன்றும் எழுதாதீங்கோ. அவருக்கு அந்தப் பெயரை வைத்திருக்க வருடம் பத்துப் பதினொரு டொலர்தான் செலவு, அதனால் அவருக்கு அவசரம் இல்லை. ஆனால் இதைத் தேடி வரும் இரண்டாவது ஆளும் அவருக்கு அநேகமாக இல்லை. சீனக்குடாவின் கணக்கைத் திருப்பிப் போட்டால், பெயர் வருடத்துக்கு 30 இரவு கொண்டுவரும் என்று நம்பினாலும் ஐந்து வருடத்துக்கு 405,000 ரூபா, 1,350 டொலர். சூதாட்டக் கறைக்கும் வட்டிக்கும் கழித்து 1,000இல் நில்லுங்கோ. அவர் மறுத்தால் விட்டுவிட்டு அடுத்த சீசன் முடியத் திரும்ப எழுதுங்கோ.

இறங்கி வந்தால் காசை நேரே அனுப்ப வேண்டாம். எஸ்க்ரோ டொட் கொம் மாதிரி நடுவர் சேவையில் காசு நிற்கும், பெயர் உங்கள் கணக்குக்கு வந்து நீங்கள் சரி சொன்ன பிறகுதான் அவருக்குப் போகும். அவர் அனுப்பும் இணைப்பை அழுத்தாமல் முகவரியை நீங்களே தட்டுங்கோ, போலி எஸ்க்ரோ தளங்கள் இருக்கு. இரண்டு பேருக்கும் ஒரே பதிவாளர் என்றால் கணக்குக்குக் கணக்குத் தள்ளிவிடலாம், நிமிடக் கணக்கு. வேறு பதிவாளர் என்றால் பூட்டைத் திறந்து, மாற்றத்துக்கு அனுமதி தரும் இரகசியக் குறியீட்டை அவரிடம் வாங்க வேணும், ஐந்து நாள் வரை இழுக்கும். அவர் கடைசி 60 நாளுக்குள் பதிவாளரை மாற்றியிருந்தால் திரும்ப அசைக்க ஏலாமல் போகலாம், அதை முதலே கேளுங்கோ.

ஒரு சங்கதி இங்கே நிறையப் பேருக்குப் பிழைக்கிறது. தளம் செய்து தந்த பொடியனின் பெயரிலும் அவனுடைய மின்னஞ்சலிலும் டொமைன் கிடக்கும். அவன் கட்டாருக்குப் போனதும் கடவுச்சொல்லும் போய்விடும். பதிவு உங்கள் பெயரில் இருக்க வேணும், தொடர்பு மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் மீட்புக் கடிதம் வரும் பெட்டியும் சேர்ந்து செத்துவிடும். பழைய கோடு போட்ட டொமைனைக் கைவிடாதீங்கோ. புக்கிங் கணக்கு, வங்கி, வரைபடப் பக்கம் எல்லாம் அந்த மின்னஞ்சலில்தான் நிற்கும். பழையதைத் திறக்கிறவரைப் புதியதற்குக் கொண்டுபோகும் 301 என்ற நிரந்தரத் திசைமாற்றம் போட்டுக் குறைந்தது ஒரு வருடம் வையுங்கோ, மின்னஞ்சலுக்காக அதைவிட நீளமாக.

நிலாவெளி_8அறை

நன்றி அண்ணன்மார். டொட் எல்கே பதிய விண்ணப்பம் போட்டாச்சு. பத்துப் பேரிடம் கேட்டதில நாலு பேர்தான் சரியா எழுதினது.

சீனக்குடா

நாலு என்றால் 1,000மே கூட. பேரம் தொடங்குமுன் இன்னும் ஒன்று செய்யுங்கோ. விடுதியோடு தொடர்பில்லாத ஜிமெயிலில் இருந்து, அந்த விற்பனை டொமைனில் வாயில் வந்த ஒரு பெயருக்கு வெறும் மின்னஞ்சல் ஒன்று அனுப்புங்கோ. "சேரவில்லை" என்று திரும்பி வந்தால் பிரச்சினை இல்லை. இரண்டு மூன்று நாள் பொறுத்தும் திரும்பி வராவிட்டால் அங்கே எல்லாக் கடிதத்தையும் வாங்கும் பெட்டி ஒன்று திறந்திருக்கக் கூடும். கோட்டை மறந்து, நிலாவெளியையும் விட்டு உங்களுக்கு எழுதிய விருந்தாளியின் கடவுச்சீட்டுப் படம் யாரோ ஒருவரிடம் போய்க்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் உறுதிப்படுத்தல் கடிதத்தில் முகவரியை எழுத்தாக மட்டும் போடாமல் அழுத்தும் இணைப்பாகப் போடுங்கோ, கடவுச்சீட்டு விபரத்தை வட்ஸ்அப்பில் கேளுங்கோ. இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.