'பிராட்': 'வாலு' போதுமா?

ஐயா, வணக்கம். நம் அகராதியில் ஆங்கில 'பிராட்' (brat) என்ற சொல்லுக்கு என்ன தமிழ் போடலாம் என்று நீங்கள் எழுதியதற்கு என் பதில்.

> 'பிராட்' என்பதற்கு 'வாலு' என்று போட்டு முடித்துவிடலாமே.

'வாலு' வேண்டாம். பேரனை 'சரியான அறுந்த வாலு' என்று அக்கம்பக்கத்தில் சொல்லும் பாட்டிக்கு அதில் பெருமைதான். சுட்டி, வாண்டு எல்லாம் அந்த வகை. பிராட் என்பது எரிச்சலில் வருவது: கேட்டதை வாங்கித் தராவிட்டால் கடையிலேயே தரையில் புரண்டு அழிச்சாட்டியம் பண்ணுகிற, பெரியவர்களை எடுத்தெறிந்து பேசுகிற பிள்ளை. வளர்த்தவர்கள் மீதும் ஒரு குத்தல் உண்டு. 'ஸ்பாயில்ட்' (spoilt, செல்லத்தால் கெட்ட) என்ற அடை அடிக்கடி முன்னால் வந்து ஒட்டிக்கொள்வது அதனால்தான். 'தறுதலை' என்றால் அளவு மீறிவிடும். அது வளர்ந்தும் உருப்படாதவனுக்கு.

என் பரிந்துரை 'அடங்காப்பிள்ளை'. 'அடங்காப்பிடாரி' வழக்கில் இருப்பதால் கேட்டவுடன் பிடிபடும். 'பிள்ளை' இருபாலுக்கும் பொது என்பதால் ஆண்பால், பெண்பால் விகுதித் தொல்லையும் இல்லை. 'அடங்காத' என்பது ஈறு கெட்டு 'அடங்கா' என நிற்பதால் ப் கட்டாயம் மிகும். ஒருவர் ஒற்றோடும் இன்னொருவர் ஒற்றில்லாமலும் பதிந்தால் தேடலில் இரண்டு சொல்லாகிவிடும்.

> 'ஸ்பாயில்ட் பிராட்' = செல்லங்கெட்ட பிள்ளை

இது நேர் எதிராகப் போய்விடும். 'மானங்கெட்ட' என்றால் மானத்தை இழந்த; அதே வார்ப்பில் 'செல்லங்கெட்ட' என்றால் செல்லத்தை இழந்த பிள்ளை என்றே படிப்பார்கள். 'செல்லத்தால் கெட்ட பிள்ளை' என்று உருபை விரித்தே எழுத வேண்டும். நீளம்தான், ஆனால் பிழையில்லை. வசனத் தமிழாக்கத்தில் பெயர்ச்சொல்லையே விட்டுவிடுங்கள். 'செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்காங்க' என்பதுதான் வாயில் வரும்.

அன்புடன்.

---

வணக்கம்.

'அடங்காப்பிள்ளை' எனக்கும் உடன்பாடு. ஈழத்து வழக்கான 'குழப்படி'யையும் சேர்க்க வேண்டும். 'குழப்படி செய்யாதை' என்பது அங்கே வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் புழங்கும் பேச்சு. ஆனால் 'குழப்படிக்காரன்' என்பதைச் செல்லமாகவும் சொல்வதால் தலைச்சொல்லாக வைக்காமல் வட்டார வழக்கு என்ற குறியோடு தரலாம்.

இந்தப் பொருள் பொருந்தாத இடங்களைத் தனியே பிரித்துவிடுவோம். 'ஆர்மி பிராட்' வசையே இல்லை. பெற்றோரின் பணிமாற்றத்தால் ஊர் ஊராகப் போய் வளர்ந்த படைவீரர் பிள்ளைகள் தங்களைத் தாங்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வது. அதற்குப் 'படைவீரர் வீட்டுப் பிள்ளை' போதும். 1985இல் நியூயார்க் இதழ் இளம் ஹாலிவுட் நடிகர்களுக்கு வைத்த 'பிராட் பேக்' முந்தைய 'ராட் பேக்' (Rat Pack, ஃபிராங்க் சினாட்ரா முதலானோரின் நண்பர் குழு) என்பதை ஒட்டிய சொல்விளையாட்டு. அதை மொழிபெயர்த்தால் விளையாட்டு போய்விடும், ஒலிபெயர்ப்பே சரி. 2024இல் காலின்ஸ் அகராதி ஆண்டின் சொல்லாக எடுத்த 'பிராட்', யாருக்கும் அஞ்சாமல் தன் போக்கில் கொண்டாடி வாழும் மனப்பாங்கைக் குறிப்பது. அங்கே 'அடங்காப்பிள்ளை' என்று எழுதினால் பாராட்டு ஏச்சாகிவிடும். அதையும் ஒலிபெயர்த்து, பொருளை ஒரு வரியில் விளக்கிவிடலாம்.

மறுப்பு இல்லையென்றால் முதற்பொருளுக்கு 'அடங்காப்பிள்ளை' என்றே பதிந்துவிடுகிறேன்.