கிரானைட் கழிவுத் தூளில் கல் வார்க்க ஆலோசனை தேவை

வணக்கம். மேலூர் அருகே சிறிய அளவில் ஹாலோ பிளாக் தயாரித்து வருகிறேன். கிரானைட் அறுக்கும் பட்டறைகளில் குவிந்து கிடக்கும் சேற்றைக் காயவைத்துச் சலித்து, அனல்மின் நிலையச் சாம்பலும் இரும்பு உலைக்கசடுத் தூளும் சேர்த்து, சோடியம் ஹைட்ராக்சைடு, சோடியம் சிலிக்கேட் கரைசலில் பிசைந்து, வழக்கமான சிமெண்ட் ஒரு பிடிகூட இல்லாமல் கற்கள் வார்த்துப் பார்த்தேன். சிமெண்ட் தயாரிக்கச் செய்வதுபோல் சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 1450 டிகிரி செல்சியஸில் சுட வேண்டியதில்லை என்பதால் கரியமில வாயு பெருமளவு குறையும். ஆனால், கிரானைட்டிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் இந்தக் கரைசலுடன் எளிதில் வினைபுரியாது என்பதாலோ என்னவோ, கிரானைட் தூளின் அளவை அதிகரித்தபோது கல்லின் விளிம்பு நகத்தால் கீறினாலே உதிர்ந்தது; காய்ந்ததும் வெள்ளை உப்பும் பூத்தது. (என் கைப்பக்குவத்திலும் தவறு இருக்கலாம்.) தூளை எத்தனை சதவீதம் வரை சேர்க்கலாம், உப்புப் பூப்பதைத் தவிர்க்கக் கரைசலின் செறிவைக் குறைக்க வேண்டுமா, மதுரையில் அமுக்க வலிமைச் சோதனையை (கல் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பது)க் குறைந்த கட்டணத்தில் எங்கே செய்யலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.