சொக்சோ விபத்துப் பணமும் ஈலாட் பென்சனும்: இரண்டு கேஸ், யாருக்கு எவ்வளவு?

கிராணி_சிப்புட் | 10 நவம்பர் 2025

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீஸ். மேசையில் சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) அனுப்ப இரண்டு ஃபைல் கிடக்கிறது, ஒன்று வேலை விபத்து, மற்றது ஈலாட் (நோயால் சம்பாதிக்க முடியாமை) பென்சன்; இரண்டையும் சேர்த்தே கேட்டுவிடுகிறேன்.

முதல் ஆள் பழம் வெட்டுகிறவர், வயது 38. ஆகஸ்டில் மட்டை வெட்டும்போது அரிவாள் நழுவி வலது கை ஆள்காட்டி விரல் நடுமூட்டோடு போய்விட்டது. எம்சி (டாக்டர் தரும் மருத்துவ விடுப்பு) மொத்தம் 46 நாள். இடையில் ஒரு சனி, ஞாயிறுக்கு மட்டும் எம்சி சீட்டு இல்லை. அதற்குப் பிறகு இரண்டு வாரம் லைட் டியூட்டியில் உதிரிப்பழம் பொறுக்கினார். விபத்துக்கு முந்தைய ஆறு மாதமும் சம்பளம் 1,800 ரிங்கிட்டுக்கு மேல், 1,900க்குள்.

இரண்டாவது ஆள் மில்லில் வேலை, வயது 52. 2024 மே மாதம் பக்கவாதம், இடது கையும் காலும் விழுந்துவிட்டது. ஜூலை 2024 வரை சம்பளம் ஓடியது. அதன்பின் சம்பளமில்லாத லீவு, பெயர் இன்னும் பதிவில்தான் இருக்கிறது. முதல் சொக்சோ சந்தா ஜனவரி 2006. டிசம்பர் 2012 வரை தோட்டத்தில் இருந்தார், பிறகு சொந்தமாக லோரி ஓட்டினார், அப்போது சந்தா கிடையாது. ஜனவரி 2021இல் மில்லில் சேர்ந்தார். ஓகேயு கார்டு (ஊனமுற்றோர் அட்டை) எடுத்தாயிற்று, பென்சன் அதிலேயே வந்துவிடும் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கை இன்னும் கொஞ்சம் தேறட்டும், வருஷம் பிறந்து மனு போடலாம் என்றும் ஒரு யோசனை.

இருவருக்கும் என்ன கிடைக்கும், எப்படிக் கணக்குப் பார்ப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குக்காரர்

மில் ஆளை முதலில் பாருங்கள். விரல் கேஸ் ஓடிவிடாது, இது ஓடிவிடும்.

ஓகேயு கார்டு சமூகநல இலாகா கொடுப்பது. சொக்சோவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஈலாட் பென்சனுக்குத் தனியாக மனு போட வேண்டும், சொக்சோவின் மெடிக்கல் போர்டு பார்த்துச் சான்று தர வேண்டும், அதோடு சந்தாக் கணக்கும் தேற வேண்டும். மூன்றும் கூடினால்தான் பணம். மனு 60 வயதுக்குள் போய்ச் சேர வேண்டும். இவருக்கு அதில் சிக்கல் இல்லை.

சந்தாக் கணக்கு இப்படி: மனு போய்ச் சேரும் மாதத்துக்கு முந்தைய 40 மாதத்தில் 24 மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அது இல்லையென்றால், முதல் சந்தாவிலிருந்து மனு வரையுள்ள மொத்த மாதங்களில் மூன்றில் இரண்டு பங்கு கட்டியிருக்க வேண்டும், அதுவும் 24 மாதத்துக்குக் குறையாமல். இரண்டில் ஒன்று தேறினால் முழு பென்சன். இரண்டுமே தேறாமல், மூன்றில் ஒரு பங்கும் குறைந்தது 24 மாதமும் இருந்தால் குறைக்கப்பட்ட பென்சன். அதுவும் எட்டாதவர் 12 மாதமாவது கட்டியிருந்தால் ஒரே தடவையில் ஒரு சிறு தொகை கிடைக்கும், அவ்வளவுதான்.

இப்போது இவர் கேஸ். மனு இந்த நவம்பரில் போனால் 40 மாதம் என்பது ஜூலை 2022 முதல் அக்டோபர் 2025 வரை. அதில் சந்தா உள்ளது ஜூலை 2022 முதல் ஜூலை 2024 வரை, 25 மாதம். தேறிவிட்டார். டிசம்பரில் போனால் 24, மயிரிழையில் தேறுவார். ஜனவரி 2026இல் போனால் 23, போச்சு. "வருஷம் பிறந்து பார்க்கலாம்" என்பது இவருக்கு ஆகவே ஆகாது.

ஜனவரியில் இவருக்கு மிச்சம் என்ன? 2006 ஜனவரியிலிருந்து எண்ணினால் 240 மாதம். கட்டியது தோட்டத்தில் 84, மில்லில் 43, ஆக 127. மூன்றில் இரண்டு பங்கு என்றால் 160 வேண்டும், இல்லை. மூன்றில் ஒரு பங்கு 80, அது இருக்கிறது. குறைக்கப்பட்ட பென்சன் மட்டும்தான்.

காசாகப் பார்த்தால் வித்தியாசம் புரியும். முழு பென்சன் சராசரிச் சம்பளத்தில் 50 சதவீதம், அதற்கு மேல் முதல் 24 மாதம் போக ஒவ்வொரு 12 மாதச் சந்தாவுக்கும் 1 சதவீதம், உச்சம் 65. இவருக்கு 127இல் 24 போனால் 103, அதில் முழுப் பன்னிரண்டு எட்டு தடவை. ஆக 58 சதவீதம். சராசரி 1,850 என்று வைத்தால் மாதம் 1,073 ரிங்கிட். குறைக்கப்பட்டது வெறும் 50 சதவீதம், 925. மாதம் 148 ரிங்கிட் நஷ்டம், காலமெல்லாம்.

எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு: தொடர்ந்து கட்டிவந்த ஆளுக்குச் சம்பளம் நின்ற பிறகு 16 மாதம் அவகாசம். நாற்பதில் இருபத்துநாலு போனால் மிச்சம் அதுதான். அதன் மறு மாதத்துக்குள் மனு போயிருக்க வேண்டும். சம்பளமில்லாத லீவில் பெயர் மட்டும் இருப்பதால் சந்தா ஏறாது. நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான்.

மனிதவளம்_பேராக்

விரல் கேஸுக்கு நான் சொல்கிறேன். இது வேலை விபத்துத் திட்டம், மேலே சொன்ன மாதக் கணக்கு எதுவும் இதற்கு வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு.

தற்காலிக ஊனப் பணம் எம்சி நாளுக்கு. விபத்து நடந்த நாளோடு சேர்த்து எம்சி 4 நாளாவது இருக்க வேண்டும். தினக்கணக்கு என்பது சராசரித் தினச்சம்பளத்தில் 80 சதவீதம். சராசரிக்கு விபத்து மாதத்துக்கு முந்தைய ஆறு மாதச் சந்தாவைப் பார்ப்பார்கள். சம்பளம் 1,800க்கு மேல் 1,900க்குள் என்றால் அட்டவணையில் அது 1,850 என்று நிற்கும். முப்பதால் வகுத்தால் 61.67, அதில் 80 சதவீதம் 49.33. நாற்பத்தாறு நாளுக்குச் சுமார் 2,269 ரிங்கிட். ஓய்வு நாள், பொது விடுமுறை எல்லாம் எம்சிக்குள் வந்தால் எண்ணப்படும், முப்பதால் வகுப்பது அதனால்தான்.

அந்தச் சனி, ஞாயிறு ஓட்டை: எம்சி இல்லாத நாளுக்குப் பணம் இல்லை. கிளினிக்கில் வெள்ளி வரைக்கும் ஒரு சீட்டு, திங்கள் வந்து அடுத்த சீட்டு என்று கொடுத்துப் பழகிவிட்டார்கள். தொழிலாளி கவனிப்பதில்லை. இரண்டு நாளுக்குக் கிட்டத்தட்ட 99 ரிங்கிட். அந்த இரண்டு நாளும் அவர் வேலைக்குத் தகுதியில்லாமல் இருந்ததற்கு மருத்துவமனைக் குறிப்பு இருந்தால், சிகிச்சை கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள். நீங்களாகச் சீட்டில் தேதி திருத்தினால் மொத்த ஃபைலும் விசாரணைக்குப் போகும்.

லைட் டியூட்டி இரண்டு வாரத்துக்குச் சொக்சோ கொடுக்காது, அது வேலை நாள், தோட்டம்தான் சம்பளம் கொடுக்க வேண்டும். எம்சி கையில் இருக்கும்போதே ஆளைப் பிரட்டுக்கு (காலையில் பெயர் கூப்பிடும் இடம்) வரச் சொல்லிப் பெயர் போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. செக்ரோலில் (வருகைப் பதிவேடு) ஒரு நாள் பெயர் விழுந்தாலும் அந்த நாள் பணம் வெட்டு.

விரல் போனதற்கு நிரந்தர ஊனப் பணம் தனி. காயம் ஆறி நிலை தெரிந்தபின் போர்டு சதவீதம் போடும். எந்த விரல், எந்த மூட்டு வரை என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் வகைப்படுத்தியிருக்கிறது. இங்கே கணக்கு 90 சதவீதத்தில்: 61.67இல் 90 சதவீதம் 55.50. உதாரணத்துக்குப் போர்டு 15 சதவீதம் போட்டால் நாளுக்கு 8.33, மாதம் சுமார் 250 ரிங்கிட், ஆயுள் முழுக்க. இருபதுக்கு மேல் போகாத கேஸில் முழுவதையும் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். இருபதைத் தாண்டினால் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் மொத்தமாக எடுக்கலாம், மிச்சம் மாதாமாதம். 38 வயது ஆளுக்கு என்னைக் கேட்டால் மாதப்பணம்தான் நல்லது. மொத்தப் பணம் மோட்டார் டெப்பாசிட்டாகக் கரைவதற்கு மாதம் ஒன்று போதும். ஆனால் கையெழுத்துப் போடுவது அவர், முடிவும் அவருடையது.

விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். பிந்தியிருந்தால் உடனே அனுப்பிவிட்டு, ஏன் பிந்தியது என்று ஒரு கடிதம் இணையுங்கள். ஃபைலில் இருக்க வேண்டியவை: ஐசி (அடையாள அட்டை) நகல், வங்கிப் புத்தக நகல், எம்சி அசல் எல்லாம், விபத்து மாதத்து வருகைப் பதிவு, முந்தைய ஆறு மாதச் சம்பள விவரம், முதல் சிகிச்சைக் குறிப்பு.

இன்னொன்றும் பாருங்கள். பழம் வெட்டுகிறவருக்கு டன் கணக்குக் கூலி, ஓவர்டைம், இன்சென்டிவ் எல்லாம் சந்தாவுக்குரிய சம்பளம்தான். அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் சந்தா கட்டியிருந்தால் 49.33 என்பது இறங்கிவிடும். சம்பளச் சீட்டையும் சந்தா அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆறு மாதமும் ஒத்துப் பாருங்கள். 1,850 வகுப்புக்குத் தொழிலாளி பிடித்தம் 9.25 ரிங்கிட் இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் ஆபீஸ்தான் பதில் சொல்ல வேண்டும்.

டிரெசர்_லயம்

மருத்துவப் பக்கம் மட்டும் சொல்கிறேன், ஃபைல் அடிவாங்குவது பெரும்பாலும் இதில்தான்.

ஈலாட் என்றால் நோய் இருப்பது அல்ல. நோய் நிரந்தரமானதாக, குணமாகாததாகவோ குணமாக வாய்ப்பில்லாததாகவோ இருக்க வேண்டும், அதனால் அவர் தன் உடம்புக்கு ஏற்ற வேலை செய்தும், நல்ல உடம்புள்ள தொழிலாளி வழக்கமாகச் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத நிலையில் இருக்க வேண்டும். சட்டம் கேட்பது அது. "நீரிழிவு, ரத்த அழுத்தம், பக்கவாதம், தொடர் சிகிச்சையில்" என்று மூன்று வரி ரிப்போர்ட் போனால் போர்டுக்கு இதில் ஒன்றும் தெரியாது.

மில் ஆளுடைய ரிப்போர்ட்டில் இருக்க வேண்டியது: பக்கவாதம் வந்த தேதி, ஸ்கேன் முடிவு, இடது கைப்பிடியின் பலம், தோளுக்கு மேல் கை போகிறதா, கைத்தடி இல்லாமல் எத்தனை மீட்டர் நடப்பார், படி ஏறுவாரா, சட்டைப் பொத்தான் தானே போடுகிறாரா, பேச்சு எப்படி, ஃபிசியோதெரபி எத்தனை மாதம் செய்தார், இனித் தேறும் வாய்ப்பு என்ன. அவர் மில்லில் செய்த வேலையையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள்: எத்தனை கிலோ தூக்கினார், ஏணி ஏறினாரா, ஷிப்ட் எத்தனை மணி. டாக்டர் மில்லைப் பார்த்திருக்க மாட்டார்.

மனுவைச் சீக்கிரம் போட்டால் "இன்னும் தேறலாம்" என்று திருப்புவார்கள், தாமதித்தால் மேலே சொன்ன 40 மாதம் நகர்ந்துவிடும். இவருக்கு 18 மாதம் ஆகிவிட்டதால் முதல் பயம் குறைவு. மருத்துவர் நிரப்பும் பகுதியை இந்த வாரமே வாங்கி மனுவைக் கொடுத்துவிடுங்கள். ஸ்பெஷலிஸ்ட் ரிப்போர்ட்டைப் பின்னால் சேர்க்கலாம். பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

குளிக்க, சாப்பிட, கழிவறை போக எப்போதும் ஒருவர் துணை வேண்டும் என்ற நிலையென்றால் அதையும் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். போர்டு ஒத்துக்கொண்டால் பராமரிப்புப் பணம் மாதம் 500 ரிங்கிட் பென்சனோடு தனியாக வரும்.

விரல் கேஸில் ஒரே ஒரு எச்சரிக்கை: முதலில் போன கிளினிக்கின் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வலியில் இருக்கிறவர் "கத்தி வெட்டிவிட்டது" என்று மட்டும் சொல்லியிருப்பார், அங்கே "வீட்டில்" என்று எழுதிவிடுவார்கள். உங்கள் விபத்து அறிக்கையும் அந்த அட்டையும் முரண்பட்டால் பதில் வர மாதக்கணக்கில் ஆகும். மண்டோர் (வேலை மேற்பார்வையாள்), கூட வெட்டிய ஆள், இருவர் வாக்குமூலமும் எடுத்து வையுங்கள்.

கிராணி_சிப்புட்

நன்றி ஐயா. மூன்று கேள்வி பாக்கி. மில் ஆள் மனு போடுவதற்கு முன் ராஜினாமா கொடுக்க வேண்டுமா? போர்டு மறுத்தால் என்ன வழி? எங்களிடம் கன்ட்ராக்டர் கீழே வெட்டுகிற ஆட்களும் உண்டு, அவர்களுக்குச் சந்தா சரியாகக் கட்டப்படுகிறதா என்பது சந்தேகம். அவர்களுக்கு அடிபட்டால்?

சங்கத்து_ஆள்

ராஜினாமாவை இப்போது தொடவே வேண்டாம். போர்டு மறுத்தால் வேலையும் போய் பென்சனும் இல்லாமல் நிற்பார். "எழுதிக் கொடுத்துவிடு, சீக்கிரம் முடியும்" என்று மேலே இருந்து யாராவது சொன்னாலும் சொக்சோ கடிதம் கைக்கு வரட்டும்.

மறுத்தால் மேல்முறையீட்டு மெடிக்கல் போர்டு இருக்கிறது, முடிவிலிருந்து 90 நாளுக்குள் போக வேண்டும். பழைய ரிப்போர்ட்டையே திரும்ப அனுப்பிப் பிரயோசனம் இல்லை. முதல் போர்டு எதை வைத்து மறுத்தது என்று பார்த்து அதற்குப் பதிலாக ஒரு புது ஸ்பெஷலிஸ்ட் ரிப்போர்ட் வேண்டும். விரல் சதவீதம் குறைவு என்று நினைத்தாலும் இதே வழிதான்.

கன்ட்ராக்டர் சந்தா கட்டவில்லை என்பதற்காக வேலை விபத்து உரிமை போய்விடாது. கட்டாத முதலாளி மேல் நடவடிக்கை எடுப்பது சொக்சோவின் பாடு. ஆனால் அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்குச் சான்று வேண்டும்: சம்பளம் வங்கியில் போட்ட பதிவு, பழம் எடைபோட்ட சீட்டு, வாட்சாப்பில் மண்டோர் அனுப்பிய வேலைப் பட்டியல். ஈலாட் பென்சன் விஷயம் வேறு, அதற்குக் கட்டிய மாதம்தான் பேசும். அதனால் விபத்து வரும்வரை காத்திருக்காமல் இப்போதே ஒவ்வொருவரையும் ஐசி எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் சந்தா அறிக்கையை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு மாதச் சந்தா அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். அதற்குப் பிறகும் கட்டம் காலியாக இருந்தால் எந்த மாதம் என்று குறித்து எழுத்தில் புகார்.

லயத்திலிருந்து (தொழிலாளர் குடியிருப்பு) பிரட்டுக்கு மோட்டாரில் போகும்போது விழுந்தாலும் வேலை விபத்துதான். வீடு, வேலையிடம், வழக்கமான வழி, அவ்வளவுதான் நிபந்தனை. நடுவில் பிள்ளையைப் பள்ளியில் விடத் திரும்பினால், கடைத்தெருவுக்குச் சுற்றினால் மறுப்பு வரும். போலீஸ் ரிப்போர்ட்டில் எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு, எத்தனை மணிக்கு என்பது எழுதியிருக்க வேண்டும், வழியை வரைந்த படமும் வேண்டும். மணி, பிரட்டு நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று ரிப்போர்ட் கொடுக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்காரர்

ஒரு வரி மட்டும். மில் ஆளுக்கு இபிஎஃபிலும் (ஊழியர் சேமநிதி) ஊனமுற்றவர் பணம் எடுக்கும் பிரிவு உண்டு, அதற்கும் டாக்டர் சான்று வேண்டும். மருத்துவமனைக்கு ஒரே நடையில் இரண்டு படிவத்தையும் கொண்டுபோங்கள். முதலில் சொக்சோ படிவம்.