அம்மாவின் எலும்புக்கு ஊசி போடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 64 வயது, சிறுநீரக நோய் நாலாம் நிலை, ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற அளவு) 24. போன மாதம் கோலம் போட்டு எழுந்திருக்கும்போது கையை ஊன்றினார், அவ்வளவுதான், மணிக்கட்டு முறிந்துவிட்டது. இன்னும் கட்டோடு இடது கையால்தான் சாப்பிடுகிறார்.

எலும்பை வலுவாக்கும் அலென்ட்ரோனேட் மாத்திரை சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் ஈஜிஎஃப்ஆர் 35-க்குக் கீழே போனால் பொதுவாகத் தருவதில்லையாம். அதற்குப் பதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் என்ற எலும்பு ஊசி போடலாம் என்கிறார் மருத்துவர். ஆனால் முற்றிய சிறுநீரக நோயில் அது ரத்தத்தில் கால்சியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம் என்று 2024-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கடுமையாக எச்சரித்திருக்கிறது. அதுதான் பயம். நடுவில் நிறுத்தினாலும் முதுகெலும்பு முறியலாமாம்.

பிடிஎச் (கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்), பாஸ்பரஸ், வைட்டமின் டி சோதனைக்கு நாளை காட்பாடி போகிறோம். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஊசி போட்டிருந்தால், அப்புறம் எத்தனை நாளுக்கு ஒருமுறை கால்சியம் பார்த்தீர்கள்? வேலூர்ப் பக்கம் சிறுநீரகத்தையும் எலும்பையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவர் தெரிந்தாலும் சொல்லுங்கள்.