வீடு விற்கும் முன் தோட்டத்துக்குச் செலவு செய்யலாமா?

கோவைவாசி: 5 சென்ட் இடத்தில் உள்ள வீட்டை விற்கப் போகிறோம். முன்பக்கம் வெறும் மண், ஒரு பெரிய வேம்பு, மூலையில் முருங்கை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு கொரியன் புல் போட்டால் விலை ஏறும் என்கிறார் தரகர். செய்யலாமா?

செம்மண்: புல்லில் காசைக் கொட்டாதீர்கள். ஏப்ரலில் ரெண்டு வாரம் தண்ணீர் விடாவிட்டால் பழைய பாய் மாதிரி ஆகிவிடும், வாங்க வருகிறவர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். வேம்பை விட்டுவைத்தால் அதன் நிழலில் புல் சரியாக வராது வேறு.

மொட்டைமாடி: போன வருஷம் ரெண்டு வீடு பார்த்தோம். ஒன்றில் வாசல் முழுக்க சிமென்ட், மத்தியானம் கால் வைக்க முடியவில்லை. இன்னொன்றில் கிணற்றடியில் கறிவேப்பிலை. அம்மா ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தார், அதோடு முடிவாகிவிட்டது. அதற்காகக் கூடுதல் விலை கொடுத்தோமா என்றால், இல்லை.

மேஸ்திரி: சன்ஷேடில் அரசங்கன்று முளைத்திருந்தால் முதலில் அதை வேரோடு எடுங்கள், பார்த்தாலே விலையைக் குறைப்பார்கள். மழைநீர் சேகரிப்பு அமைப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம், அடைத்திருந்தால் தூர்வாரி வையுங்கள்.

கோவைவாசி: வேம்பு சுவரிலிருந்து பத்தடி தள்ளித்தான் இருக்கிறது, அது இருக்கட்டும். அரசங்கன்று... இப்போதுதான் போய்ப் பார்த்தேன், ரெண்டு இருக்கிறது!