முதலில் சேர்ந்தது நான், பட்டியலில் எனக்கு மேலே அவர்?

கேட்டவர்: புது_கிளார்க்
எல்லோருக்கும் வணக்கம். குரூப் 4 எழுதி மாவட்ட அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். நான் பிப்ரவரியில் சேர்ந்தேன், அதே தேர்வில் வந்த இன்னொருவர் ஏப்ரல் கடைசியில்தான் வந்தார். தன்பதிவேடு (அவரவர் பிரிவுக்கு வரும் தபால்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) எழுதுவது, கோப்பு கட்டுவது எல்லாம் அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். போன வாரம் தற்காலிக முதுநிலைப் (சீனியாரிட்டி) பட்டியல் சுற்றுக்கு வந்தது, பார்த்தால் அவர் எனக்கு மூன்று பெயர் மேலே. கேட்டால் கண்காணிப்பாளர் "அப்படித்தான் வரும்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். முன்னால் சேர்ந்தவன்தானே சீனியர்?

ஓய்வுபெற்ற_கண்காணிப்பாளர்
தம்பி, உங்கள் கண்காணிப்பாளர் சொன்னது சரிதான், உட்கார்ந்து விளக்கியிருக்கலாம். ஒரே தேர்வில் வந்தவர்களுக்குள் சேர்ந்த தேதி கணக்கில் வராது. தேர்வாணையம் கொடுத்த ரேங்க்தான் கணக்கு. உங்களுக்குப் பிறகு வந்தவர், பணியில் சேரக் கொடுத்த கெடுவுக்குள் சேர்ந்திருந்தால் இரண்டு மாதம் பிந்தியதால் எதையும் இழக்கமாட்டார். நியமன ஆணையோடு வந்த தேர்வாணையப் பட்டியலை எடுத்து இருவர் ரேங்க்கையும் பாருங்கள். அவருடையது பின்னால் இருந்தால் உடனே எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள், தற்காலிகப் பட்டியல் என்று சுற்றுக்கு விடுவதே அதற்குத்தான். வாயால் சொன்னதெல்லாம் காற்றோடு போய்விடும்.

பேனல்_பைத்தியம்
சார் சொல்வது இன்றைய நிலைமை. முன்பு இட ஒதுக்கீட்டுக்கான இனச்சுழற்சி வரிசையிலேயே முதுநிலையும் வைத்தார்கள், அதாவது வேலை கொடுக்கும் வரிசையே கடைசிவரை சீனியாரிட்டி வரிசையும் ஆனது. அது செல்லாது, ரேங்க்படிதான் வைக்க வேண்டும் என்று வழக்கு நடந்து தீர்ப்பும் வந்தது, அப்புறம் பழைய முறையைக் காப்பாற்ற 2016ல் அரசு சட்டமே போட்டது. அந்தப் பிரிவுகளை 2019 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதற்குப் பிறகு பட்டியலைத் திருத்தியபோது எங்கள் துறையில் நேற்றுவரை மேலதிகாரியாக இருந்தவர் கீழே போன கதையெல்லாம் உண்டு. யார் பக்கம் நியாயம் என்பதில் இன்னும் கேண்டீனில் சண்டை ஓயவில்லை, அதை இங்கே இழுக்க வேண்டாம்!

மாறுதல்_வாங்கியவள்
என் கதையையும் கேளுங்கள். ஒன்பது வருடம் ஒரு மாவட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று சொந்த விருப்பத்தில் வேறு அலகுக்கு (தனி முதுநிலைப் பட்டியல் உள்ள இடத்துக்கு) மாறுதல் வாங்கினேன். புது இடத்தில் பட்டியலின் கடைசிப் பெயர் நான். அலுவலகத்தில் சிக்கலான கோப்பு எது வந்தாலும் "அக்கா, இதை எப்படி எழுத?" என்று என்னிடம்தான் வருகிறார்கள், பதவி உயர்வு மட்டும் எனக்கு முன்னால் இருப்பவர்களுக்கு. மாறுதல் விண்ணப்பத்தில் முதுநிலையை இழக்கச் சம்மதம் என்று நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், யாரைக் குறை சொல்ல?

ஓய்வுபெற்ற_கண்காணிப்பாளர்
இன்னொன்று விட்டுப்போனது. முதுநிலையில் மேலே இருந்தாலே பதவி உயர்வு வந்துவிடாது. துறைத் தேர்வுகள் முடிந்திருக்க வேண்டும், பவானிசாகரில் அரசு ஊழியர்களுக்குக் கொடுக்கும் பயிற்சி முடிந்திருக்க வேண்டும், தகுதிகாண் பருவம் முடித்த ஆணையும் கையில் இருக்க வேண்டும். பேனலுக்கு, அதாவது பதவி உயர்வுக்குத் தகுதியானவர்கள் பட்டியலுக்கு, குறித்த தேதியில் இதில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பெயரைத் தாண்டிக் கீழே இருப்பவரை எடுத்துவிடுவார்கள். மாவட்ட அலுவலக நடைமுறை நூல் தேர்வில் தேறாமல் ஜூனியரின் கீழ் வேலை பார்த்த சீனியர்களை நானே பார்த்திருக்கிறேன். தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது, தள்ளிப்போடாதீர்கள்.

புது_கிளார்க்
நன்றி சார், நன்றி அக்கா. ரேங்க்கைப் பார்த்தேன், அவர் எனக்கு முன்னூறு சொச்சம் முன்னால். ஆட்சேபணைக் கடிதம் பாதி எழுதி வைத்திருந்ததைக் கிழித்துப் போட்டேன். டிசம்பர் துறைத் தேர்வுக்கு இருவரும் சேர்ந்தே படிக்கலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார், கணக்குத் தேர்வுப் புத்தகம் மட்டும் என்னுடையது.