மறைந்த தோட்டங்களின் வரைபடம்: திறந்த மூலநிரல் நமக்கு உண்மையில் தேவையா?

ரோத்தான்வாசி

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள நம் புக்கிட் ரோத்தானைச் சுற்றியிருந்த தோட்டங்களின் லயங்கள் (தொழிலாளர் வீட்டு வரிசைகள்), பெரட்டுக்களங்கள் (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடங்கள்), ஆயாக்கொட்டகைகள் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகைகள்), கோயில்கள், இடுகாடுகள் ஆகியவற்றை வரைபடத்தில் பதியும் பணியைத் தொடங்கி ஐந்து மாதங்கள் ஆகின்றன. எல்லாருடைய கைப்பேசியிலும் ஏற்கெனவே இருக்கும் ஒரு நிறுவனத்தின் இலவச வரைபடத்திலேயே குறித்துவிடலாம் என்று சென்ற கூட்டத்தில் பலர் சொன்னார்கள். திறந்த மூலநிரலில், அதாவது எவரும் படித்துத் திருத்தக்கூடிய நிரலில், இயங்கும் கருவிகளில்தான் பதிய வேண்டும் என்று நான் சொன்னேன். நேரம் போதாமல் விட்ட காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் கோயிலின் இணையப் பக்கத்தில், திருவிழாவுக்கு வருபவர்களுக்காக ஒரு வரைபடத்தை நான்தான் அமைத்துக் கொடுத்தேன். தீமிதிக்கு இரண்டு வாரங்கள் இருந்தபோது அது இருண்டுபோய், குறுக்கே ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வாசகம் படர்ந்திருந்தது. கடன் அட்டை விவரம் கொடுத்தால்தான் வரைபடம் வரும் என்று நிறுவனம் விதியை மாற்றியிருந்தது. நான் குறித்த இடங்கள் எல்லாம் அவர்களுடைய கணினியில் இருந்தன. அவற்றை எடுத்து வேறிடத்தில் வைக்க எனக்கு வழி இல்லை. ஐந்து மாத உழைப்பை அதே நிலைக்கு விட எனக்கு மனம் வரவில்லை.

பழைய கிராணி

தம்பி, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் எனக்கு வயது எழுபத்தொன்று. பெரட்டுக்களம் எங்கே இருந்தது, கள்ளுக்கடைக்குப் போகும் குறுக்குப்பாதை எந்த வடிகாலைத் தாண்டியது என்று காட்டக்கூடியவர்கள் இந்த ஊரில் இன்னும் ஐந்தாறு பேர்தான். கருவியைத் தேர்ந்தெடுப்பதிலேயே ஓராண்டு போய்விட்டால் அந்த ஐந்தாறு பேரும் இருக்கமாட்டார்கள். நிரல் திறந்திருக்கிறதா பூட்டியிருக்கிறதா என்பது அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அல்லவா முக்கியம்? நம்மில் யாருக்கு அது தெரியும்? மக்கள் வழி தேடும்போது திறந்து பார்க்கும் வரைபடத்தில் நம் கோயில் இருந்தால் எனக்குப் போதும்.

ரோத்தான்வாசி

ஐயா, நாம் படிக்க வேண்டியதில்லை. படிக்கத் தெரிந்த எவரும் படித்துத் திருத்த முடிய வேண்டும் என்பதே என் கருத்து. கூகுள் 2008-ஆம் ஆண்டு மேப் மேக்கர் என்ற கருவியைக் கொண்டுவந்தது. பல நாடுகளில் தன்னார்வலர்கள் தங்கள் ஊர்ச் சாலைகளையும் பள்ளிகளையும் அதில் வரைந்தார்கள். 2017 மார்ச் மாதம் நிறுவனம் அதை மூடிவிட்டது. நிரல் நிறுவனத்திடம் இருந்ததால், அந்தக் கருவியை வேறோர் இடத்தில் தொடர்ந்து நடத்த வரைந்தவர்களால் முடியவில்லை.

கிள்ளான் நிரலாளர்

நான் இருவரோடும் மாறுபடுகிறேன். வரைபடத்தில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன: நாம் சேர்க்கும் தரவு, அதைக் காட்டும் நிரல். நமக்கு வேண்டியது தரவின் உரிமை. தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012 முதல் தன் தரவைத் திறந்த தரவுத்தள உரிமத்தில் வெளியிடுகிறது. எவரும் முழுவதையும் பதிவிறக்கிக்கொள்ளலாம். தரவு கையில் இருந்தால் நாளை எந்த நிரலிலும் ஏற்றலாம் என்பதால், நிரல் திறந்ததா மூடியதா என்பது இரண்டாம் நிலைக் கேள்விதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றை யாரும் சொல்லவில்லை. இன்று களத்தில் இருப்பதை மட்டுமே பதிய வேண்டும் என்பது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் நெறி. இடிக்கப்பட்டுச் செம்பனை நட்டுவிட்ட லயத்தை அங்கே வரைந்தால் வேறொரு பங்களிப்பாளர் நீக்கிவிடுவார், நீக்குவது சரியும்கூட. ஆக, நம் பணியில் பாதிக்கு அங்கே இடமே இல்லை.

ரோத்தான்வாசி

நீங்கள் சொன்ன சிக்கல் உண்மை. ஆனால் அதற்கு விடை கிடைத்த விதம்தான், நிரல் இரண்டாம் நிலை அல்ல என்பதற்கு நான் காட்டக்கூடிய வலுவான சான்று. ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்று ஒரு தனித் திட்டம் இருக்கிறது. இன்று இல்லாத கட்டடங்களையும் பாதைகளையும் தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு ஆகியவற்றோடு அதில் பதியலாம். திரையின் கீழே உள்ள காலக்கோட்டை நகர்த்தினால் அந்தந்த ஆண்டின் நிலப்பரப்பு தெரியும். அதை உருவாக்கியவர்கள் புதிதாக ஒரு வரைபட அமைப்பை அடியிலிருந்து கட்டவில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் இணையதள நிரல், அதன் தொகுப்புக் கருவியான ஐடி ஆகியவற்றின் மூலநிரலை எடுத்து, காலம் என்ற பரிமாணத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். தரவு மட்டும் திறந்திருந்து நிரல் பூட்டியிருந்தால், "இறந்தகாலத்துக்கு இங்கே இடமில்லை" என்ற பதிலோடு நம்மைப் போன்றவர்கள் திரும்பியிருப்போம்.

தமிழ்ப்பள்ளி டீச்சர்

தமிழ்ப் பெயர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டும். என் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குச் சென்ற வாரம் நம் சோதனைப் பக்கத்தைத் திரையில் காட்டினேன். "கோயில்" என்று நான் தட்டெழுதிய சொல்லில், ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு பின்னால் போய்த் துணைக்காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. லகரத்தின் புள்ளி தலைமேல் அமராமல் பக்கத்தில் தனியே நின்றது. "டீச்சர், எழுத்து உடைஞ்சு போச்சு" என்று ஒரு மாணவி எழுந்து சொன்னாள்.

கிள்ளான் நிரலாளர்

அது நான் அமைத்த பக்கம். இணையப் பக்கத்தில் வரைபடத்தைக் காட்டும் மேப்லிப்ரே என்ற திறந்த மூலநிரலில் இயங்குவது. நான் பயன்படுத்திய பதிப்பு ஒவ்வொரு குறியீட்டையும் தனிப் படமாக எடுத்து இடமிருந்து வலமாக அடுக்குவதால் தமிழின் கொம்பும் புள்ளியும் இடம் மாறிவிடுகின்றன. திறந்த நிரல் என்பதாலேயே தமிழுக்கு நல்லது நடந்துவிடாது என்பதற்கு இதுவே சாட்சி.

தமிழ்ப்பள்ளி டீச்சர்

நீங்கள் சொன்ன பிறகு தேடிப் படித்தேன். எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ப்பஸ் என்ற நிரற்றொகுப்பும் திறந்த மூலநிரல்தான். ஆண்டிராய்டிலும் பயர்பாக்சிலும் நாம் தமிழைப் பிழையின்றிப் படிப்பது அதனால்தான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் வழக்கமான வரைபடத்தை வரையும் மேப்னிக் என்ற மென்பொருளும் அதைப் பயன்படுத்துகிறது. அரபு மொழிக்காக மேப்லிப்ரேயில் ஏற்கெனவே தனிச் செருகுநிரல் இருக்கிறது. எங்கே உடைகிறது என்று உங்களால் காரணத்தோடு சொல்ல முடிந்ததே நிரல் கண்முன் இருந்ததால் அல்லவா? மூடிய வரைபடத்தில் இதே பிழை வந்தால் நாம் புகார் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவர்களுக்கு மலேசியத் தமிழரின் தோட்டப் பெயர்கள் எத்தனையாவது வேலையாக இருக்கும்?

இன்னொன்று: ஒரே தோட்டத்துக்கு ஆவணத்தில் ஆங்கிலப் பெயர், பலகையில் மலாய்ப் பெயர், நம் மக்கள் வாயில் வேறு பெயர். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் அதன் வரலாற்று வரைபடத்திலும் பழைய பெயருக்கும் தமிழ்ப் பெயருக்கும் தனித்தனிப் புலங்கள் உள்ளன. அவற்றில் எதைத் திரையில் காட்டுவது என்பதை நாமே முடிவு செய்யலாம்.

கிள்ளான் நிரலாளர்

காரணத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது நிரல் திறந்திருந்ததால்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். தரவே முதன்மை என்ற என் நிலை மாறவில்லை. இப்போதைக்கு கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் தமிழ்ப் பெயர்ப் புலத்தைக் காட்டும்படி அமைத்து, வரைபடத்தைப் படத்துண்டுகளாக ஏற்றுமதி செய்து தருகிறேன். அது தமிழைச் சரியாகக் கோத்துவிடும்.

பழைய கிராணி

எல்லாம் சரி, எனக்கு வேறு ஓர் அச்சம் இருக்கிறது. இடுகாட்டையும் ஓடைக்கரை முனியாண்டி கோயிலையும் திறந்த வரைபடத்தில் போட்டால் நிலம் தேடுபவரும் பார்ப்பார். எவரும் திருத்தலாம் என்றால் எவரும் அழிக்கலாமே?

ரோத்தான்வாசி

அழித்தாலும் ஒவ்வொரு மாற்றமும் யார், எப்போது செய்தது என்ற வரலாற்றோடு தங்குகிறது. பழைய நிலைக்கு மீட்கலாம். பிறர் பார்ப்பதைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு என்னிடம் முழு விடை இல்லை, ஐயா. நிரல் திறந்திருப்பதால் நாம் எல்லாவற்றையும் வெளியிட்டாக வேண்டும் என்பதில்லை. குடும்பங்கள் வேண்டாம் என்று சொல்லும் இடங்களை நம் கணினியில் மட்டும் வைத்துக்கொள்வோம்.

பழைய கிராணி

அப்படியானால் இடுகாட்டை இப்போது போட வேண்டாம்; முதலில் குடும்பங்களைக் கேளுங்கள். எனக்குப் பெரிய தாளில் ஒரு வரைபடம் அச்சடித்துக் கொடுங்கள். பேனாவால் குறித்துத் தருகிறேன், நீங்கள் எந்தக் கருவியில் வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளுங்கள். பெரட்டுக்களத்துக்கு முடிவு ஆண்டு கேட்பீர்கள் போலிருக்கிறது. லயத்தை இடித்தபோது என் மூத்த மகள் இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவத்தில் இருந்தாள். ஆனால் பெரட்டு அதற்கு முன்பே நின்றுவிட்டது. கிணற்றடி வீட்டு அக்காவிடம் கேட்காமல் அந்த ஆண்டை எழுதமாட்டேன்.